கொழும்புக்குப் புதிதாகக் குடிவந்தவர் இந்த ஊரை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

வேலை கிடைத்து மூன்று மாதங்களுக்கு முன் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்திருப்பதாகவும், பழைய நகரம் என்று சொல்கிறார்களே, காலி வீதியையும் கடைத்தொகுதிகளையும் தவிர வேறொன்றையும் காணவில்லையே என்றும் கேட்டிருக்கிறீர்கள். பதினொரு ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் இரண்டு ஆண்டுகளில் அலுவலகத்துக்குப் போய்வருவதற்கு மட்டுமே கொழும்பு 6 ஐ, அதாவது வெள்ளவத்தையை, விட்டு வெளியேறினேன். அதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. யுத்தகாலம் முழுவதும் வெள்ளவத்தையில் இருந்த என் மாமாவுக்கு, வாசலைத் தாண்டுமுன் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் சட்டைப்பையில் இருக்கின்றனவா என்று தடவிப் பார்ப்பதே முதல் வேலை. அந்தப் பழக்கத்தில்தான் அவர் எனக்கும், "கண்ட இடமெல்லாம் திரியாமல் நேரே வீட்டை வா" என்று சொல்லி வைத்திருந்தார்.

ஒரு முகவரிதான் என்னை வெளியே இழுத்தது. ஒரு பத்திரத்தை உறுதிப்படுத்துவதற்காக ஹல்ஸ்டொப்பில் இருந்த சட்டத்தரணி ஒருவரைத் தேடிப் போய், அரை மணி நேரம் வெயிலில் சுற்றிக் களைத்து, ஒரு தேநீர்க் கடையில் நின்று, கடைக்காரரிடம், "நானா (அண்ணா), ஹல்ஸ்டொப்புக்கு எப்பிடிப் போறது?" என்று கேட்டேன். அவர் பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே, "தம்பி, நீங்க நிக்கிறதே அங்கதான். எங்களுக்கு இது புதுக்கடை" என்றார். சிங்களத்திலும் அது அலுத்கடே, அதாவது அதே புதுக்கடைதான். ஹல்ஸ்டொப் என்ற பெயரோ, 1656 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்ற நடந்த முற்றுகையில் இறந்துபோன ஹல்ஃப்ட் என்ற ஒல்லாந்தத் தளபதியினுடையது. தளபதியின் பெயர் கடிதத்தாள்களில் இன்னும் இருக்கிறது. தேநீர்க் கடை வரை அது வந்து சேரவில்லை.

ஆகவே கட்டடங்களைத் தேடுமுன் இடப்பெயர்களைக் கேட்டு வையுங்கள். கோட்டையில் இன்று கோட்டை இல்லை. போர்த்துக்கேயர் தொடங்கி, ஒல்லாந்தர் திருத்திக் கட்டி, 1796 இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த அந்த மதில்களை, 1870 ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலேயரே இடித்துவிட்டார்கள். ஆனால் மதிலுக்கு வெளியே இருந்த பகுதியை நாம் இன்னமும் புறக்கோட்டை என்றுதான் சொல்கிறோம். (கோட்டைப் புகையிரத நிலையம் இருப்பதும் உண்மையில் புறக்கோட்டையில்தான், இறங்கியவுடன் கோட்டையைத் தேடி ஏமாற வேண்டாம்.) களனி கங்கை கடலில் விழும் இடத்துக்கு முகத்துவாரம் என்று பெயர். கறுவா விளைந்த நிலம் கறுவாத்தோட்டமாயிற்று. ஆங்கிலத்தில் நீண்டகாலம் 'அடிமைத் தீவு' என்று எழுதப்பட்டுவந்த இடம் நமக்குக் கொம்பனித்தெரு. ஒரே மண்ணில் அந்த ஆங்கிலப் பெயர் அடிமைகளை நினைவில் வைத்திருக்க, நமது பெயரோ ஒரு கொம்பனியை நினைவில் வைத்திருக்கிறது.

முதல் நடைக்கு ஞாயிறு காலை நல்லது. வெள்ளவத்தையிலிருந்து கடலோரமாகப் போகும் புகையிரதத்தில், கடற்பக்கக் கதவருகே நின்றபடி கோட்டைக்குப் போங்கள். அலுவலகங்கள் பூட்டியிருக்கும் அந்த நேரத்தில் நிமிர்ந்து பார்த்து நடக்க முடியும். 1857 இல் கட்டப்பட்டுப் பின்னர் வெளிச்சவீடாகவும் பயன்பட்ட மணிக்கூட்டுக் கோபுரத்தையும், இப்போது உணவகங்களாகிவிட்ட பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலையையும் ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். என்னளவில் கோட்டைக்கு அதற்கு மேல் நேரம் செலவிடத் தேவையில்லை.

புறக்கோட்டைக்கு மட்டும் கிழமை நாளில் போக வேண்டும். நேர்கோடுகளாக வெட்டிக்கொள்ளும் அந்தக் குறுக்குத்தெருக்கள் ஒருகாலத்தில் ஒல்லாந்தரின் குடியிருப்பு. இன்று அங்கே மூட்டை ஏற்றிய கைவண்டியோடு வரும் நாட்டாமைக்குத்தான் (சுமைதூக்கும் தொழிலாளிக்குத்தான்) முதல் வழி. அவர் குரல் கேட்டதும் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள், முழங்கால் தப்பும். இரண்டாம் குறுக்குத்தெருவில், சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டு 1909 இல் கட்டி முடிக்கப்பட்ட சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் திடீரென்று முன்னால் வந்து நிற்கும். அங்கிருந்து செட்டியார் தெருவின் நகைக்கடைகளையும் கதிரேசன் கோயில்களையும் கடந்து வடக்கே நடந்தால், 1757 இல் திறக்கப்பட்ட வுல்ஃபெண்டால் தேவாலயம் மேட்டின் மீது தெரியும். ஆடி மாதத்தில் பம்பலப்பிட்டிக்கு வேல் ரதம் புறப்படுவது செட்டியார் தெருவிலிருந்துதான் என்பதால், அந்த நாளைத் தவறவிட வேண்டாம்.

கொச்சிக்கடையில் அவசரப்படாதீர்கள். பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுவதும் கருங்கல்லாலேயே மீளக் கட்டுவித்தார். நண்பகலில் தெருவின் தார் சுட்டெரிக்கும்போது உள்ளே போய் வெறுங்காலை அந்தக் கல்லில் வைத்துப் பாருங்கள். வெளியே வர மனம் வராது. அங்கிருந்து சிறிது தூரத்தில் புனித அந்தோனியார் ஆலயம். 2019 ஏப்ரல் 21 இன் குண்டுவெடிப்புக்குப் பின் அது செப்பனிடப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே மெழுகுதிரி ஏற்றும் வரிசையில் பொட்டு வைத்த பெண்களையும் காண்பீர்கள்.

கறுவாத்தோட்டத்தில் 1877 இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகத்தைக் கடைசிக்கு வையுங்கள். அங்குள்ள பொருள்களுள் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது ஒரு கல்லை. சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்த, 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்ட அந்தக் கல்வெட்டு, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டது. 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டபோது அது ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்தது. தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயினாரை, அதாவது இன்றைய தெவிநுவரையில் இருந்த கோயிலின் இறைவனைப் போற்றுகிறது. எழுத்துகள் சிறியவை, தேய்ந்தும் இருக்கின்றன. பக்கவாட்டில் குனிந்து, வெளிச்சம் சாய்ந்து விழும் கோணத்தைப் பிடித்தால்தான் ஓரிரு சொற்களாவது பிடிபடும். எனக்கு அதற்கு மூன்று தடவை போக வேண்டியிருந்தது.