பிரெஞ்சில் 'அதை', 'எனக்கு', 'அவருக்கு': எது முதலில்?

'ஜெ லெ லுயி தொன்' (நான் அதை அவருக்குக் கொடுக்கிறேன்) சரியென்றால், 'இல் மெ லெ தொன்' (அவர் எனக்கு அதைக் கொடுக்கிறார்) என்பதில் மட்டும் வரிசை ஏன் புரள்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பொருளை வைத்துத் தேடினால் விடை கிடைக்காது. இது சொற்களுக்கு இடம் ஒதுக்கிய வரிசை. மெ (எனக்கு), தெ (உனக்கு), நூ (எங்களுக்கு), வூ (உங்களுக்கு) முதலில். அடுத்து லெ, லா (இரண்டும் 'அதை'; ஆண்பால், பெண்பால்), லே (அவற்றை). அதற்குப் பின்தான் லுயி (அவருக்கு), லெர் (அவர்களுக்கு). எல்லாமே வினைக்கு முன்னால். தமிழில் வினை கடைசியில் வருவதால் இது நமக்கு அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. ஆங்கில வழியாகப் படிப்பவர்கள்தான் 'ஜெ தொன் லெ' என்று எழுதிவிடுகிறார்கள்.

இறந்த காலத்தில் இவை துணைவினைக்கு (இங்கே 'எ') முன் வரும்: 'ஜெ லெ லுயி எ தொனே'. ஆனால் 'கொடுக்க விரும்புகிறேன்' என்றால் இரண்டாம் வினையோடு ஒட்டும்: 'ஜெ வெ லெ லுயி தொனே'.

கட்டளையில் இவை வினைக்குப் பின்னால் போய்விடும்; லெ, லா, லே முதலில் வரும், 'மெ' என்பது 'முவா' ஆகிவிடும். 'தொன்-லெ-முவா', எனக்கு அதைக் கொடு. அதுவே 'கொடுக்காதே' என்றால் பழைய வரிசைக்கே திரும்பிவிடும்: 'நெ மெ லெ தொன் பா'. இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், அட்டவணையை மனப்பாடம் செய்வதைவிட மேல்.

அப்புறம், பேச்சில் பிரெஞ்சுக்காரர்கள் அந்த 'லெ'யைப் பல நேரம் விழுங்கிவிட்டு 'ஜெ லுயி எ தொனே' என்று முடித்துவிடுவார்கள். தேர்வில் அப்படி எழுதிவிடாதீர்கள்.