கேளுங்க சொல்றோம்: சைக்கிளும் மாஸ்க்கும்

கேள்வி: சார், கொரோனா லாக்டவுன்ல ஆரம்பிச்ச பழக்கம், தினமும் விடியக்காலையில திருவான்மியூர்ல இருந்து ஈசிஆர்ல முட்டுக்காடு வரைக்கும் சைக்கிள் மிதிச்சுட்டு வரேன். மாஸ்க் போட்டா மூச்சு வாங்குது, கழட்டினா 200 ரூபா ஃபைன் போடுவாங்களோன்னு பயம். அதனால ஹேண்டில்பார்ல மாட்டி வெச்சுக்கிட்டு ஆளைப் பார்த்தா எடுத்துப் போட்டுக்கறேன். இது சரியா?
- வாசகர், திருவான்மியூர்

பதில்: ஹேண்டில்பார்ல மட்டும் மாட்டாதீங்க, தயவுசெஞ்சு! உங்க கை அழுக்கு, ரோட்டுப் புழுதி, முன்னாடி போற லாரி புகை எல்லாம் அதுலதான் படியும், அப்புறம் அதையே மூக்குல வெச்சு அழுத்துவீங்க.

மூச்சு வாங்குறது உங்க உடம்புல குறைங்கறதால இல்ல. வேகமா மிதிக்கிறப்போ வேர்வையில துணி நனைஞ்சு, ஒவ்வொரு தடவை உள்ள இழுக்கறப்பவும் மூக்குல வந்து ஒட்டிக்கும். உடற்பயிற்சி பண்றப்போ மாஸ்க் போட வேண்டாம், தள்ளி இருங்கன்னு உலக சுகாதார நிறுவனமே 2020ல சொல்லுச்சு. 2020 செப்டம்பர்ல மத்திய சுகாதாரத் துறைச் செயலாளரும் தனியா சைக்கிள்ல போறவங்களுக்கு மாஸ்க் போடணும்னு உத்தரவு எதுவும் கொடுக்கல, கூட்டமா போனா போடணும்னுதான் சொன்னார். நம்ம தமிழ்நாட்டுல பொது இடத்துல போடலைன்னா அபராதம்னு 2020ல சட்டம் வந்துச்சு, இப்போ அது நடைமுறையில இல்ல, அதனால ஃபைனுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா ஊருக்குள்ள, சிக்னல்ல, மெதுவா போற இடத்துல கூட்டம் இருந்தா போட்டுக்கோங்க.

எனக்கு உண்மையா பயமா இருக்கறது நீங்க மிதிக்கிற நேரம் இல்ல, நிறுத்துற நேரம்தான். டீக்கடை முன்னாடி நாலு சைக்கிள் நிக்கும், எல்லாருக்கும் மூச்சு இரைக்கும், டீ கிளாஸை கையில வெச்சுக்கிட்டு தோளோட தோள் உரச சத்தமா பேசுவோம், மாஸ்க் தாடையில தொங்கும். போன வாரம் நானே பார்த்தேன், மனசு பதறிடுச்சு. அங்கதாங்க வேணும் மாஸ்க்! கடைகிட்ட வர்றதுக்கு முன்னாடியே ஓரமா நின்னு கையில சானிடைசர் தடவி, மாஸ்க்கைப் போட்டுட்டு கடைக்குப் போங்க, டீயை ஆறடி தள்ளி நின்னு குடிங்க.

கூட ரெண்டு துணி மாஸ்க் வெச்சுக்கோங்க. காஞ்சது ஒரு பேப்பர் கவர்ல, நனைஞ்சது தனி கவர்ல, வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுத் துவைச்சு வெயில்ல போடுங்க. வால்வு வெச்ச என்95 மூச்சு விட சுகமா இருக்குன்னு வாங்கிடாதீங்க, நீங்க விடுற காத்து வடிகட்டாம அப்படியே எதிர்ல நிக்கறவர் மேல போகும்.

கேள்வி: வேலைக்கு சைக்கிள்லதான் போறேன். மாஸ்க் போட்டா கண்ணாடி முழுக்க ஆவி படிஞ்சு எதிர்ல வர்ற பஸ்ஸே தெரியல, என்ன பண்றது?
- வாசகி, மதுரை

பதில்: அம்மா, கண்ணு தெரியாம ஒரு அடி கூட ஓட்டாதீங்க, முதல்ல ஓரமா நிறுத்துங்க. மூக்குக்கு மேல கம்பி வெச்ச மாஸ்க்கா பார்த்து வாங்கி, கம்பியை நல்லா அழுத்தி விட்டு, அதோட மேல் விளிம்பு மேல கண்ணாடி உக்கார்ற மாதிரி போட்டுக்கோங்க, மேல் வழியா காத்து வராது. காதுல மாட்டுறதை விட தலைக்குப் பின்னாடி கட்டுற நாடா வெச்சது இன்னும் நல்லா இறுக்கமா நிக்கும்.