ரத்த ரிப்போர்ட்டில் 'நார்மல்' வந்தால் பூச்சிமருந்து காரணமில்லை என்றாகிவிடுமா?

கேட்டிருப்பது: அப்பா காரைக்குடி சாக்கோட்டைப் பக்கம் இருபது வருஷமாகக் கூலிக்கு மருந்து அடிக்கிறார், ஒருநாளும் மயங்கி விழுந்ததில்லை, இப்போது கை நடுங்குகிறது, மறதி. ரத்தப் பரிசோதனை நார்மல்.

எடுத்தது கோலினெஸ்டரேஸ் (நரம்பு வேலைக்குத் தேவையான ஒரு நொதி) அளவு என்று வைத்துக்கொள்கிறேன். குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ் வகை மருந்துகள் அந்த நொதியைத்தான் முடக்கும். ஆனால் நார்மல் என்கிற வரம்பு ரொம்ப அகலம். மேல்மட்டத்தில் இருந்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் ரிப்போர்ட் நார்மல்தான் சொல்லும். அவருடைய பழைய அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

பழைய அளவே இல்லையே என்பீர்கள். நம்ம பக்கம் கண்மாய்ப் பாசனம், ஒருபோகச் சம்பா. தை அறுப்போடு மருந்தடி ஓயும். இந்த நொதி இருக்கும் ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், முடங்கிய நொதி தேற ஏறக்குறைய அவ்வளவு நாளாகும். கோடையில் மிளகாய், கடலைக்கு அடிக்கப் போகாதவர் என்றால் வைகாசிக் கடைசியில் ஒன்று (அதையே பழைய அளவாக வைத்துக்கொள்ளலாம்), மருந்தடி நடக்கும் மார்கழியில் ஒன்று, அதே லேபில் எடுங்கள். சோதனையின் பெயரில் 'சீரம்' என்று இருந்தால் அது சில வாரத்தில் ஏறிவிடும், கல்லீரல் கெட்டாலும் குறையும். 'ஆர்பிசி', அதாவது சிவப்பணுவில் அளப்பது என்று கேட்டு வாங்குங்கள். கலிபோர்னியாவில் அது சொந்த அளவில் 70 சதவீதத்துக்கு இறங்கினால், 80 ஆகும்வரை மருந்து வேலைக்கு விடமாட்டார்கள்.

இமிடாகுளோபிரிட், சைபர்மெத்ரின், கிளைபோசேட் போன்ற வேறு வகை மருந்துகள் எதுவும் இந்தச் சோதனையில் தெரியாது. நொதி தேறிய பிறகும் நரம்புப் பாதிப்பு தங்கலாம். அதற்காக எல்லா நடுக்கத்தையும் மருந்தின் தலையில் போடவும் சொல்லவில்லை. தைராய்டு, சர்க்கரை பாருங்கள். களைக்குப் பாராகுவாட் அடித்தவர் என்றால் நரம்பு டாக்டரிடம் அதை அவசியம் சொல்லுங்கள், பார்க்கின்சனோடு அதற்குத் தொடர்பு பேசப்படுகிறது.

வயலில் அடிக்கும்போதுதான் ஆபத்து என்று நினைப்பார்கள். லிட்டருக்கு 2 மில்லி கலந்தால் 500 மடங்கு நீர்த்துவிடும். கலக்கும்போது கையில் வழியும் 5 மில்லி, இரண்டரை லிட்டர் கரைசலுக்குச் சமம். அடுத்தது டேங்க் மூடி. வாஷர் தேய்ந்தால் முதுகில் இறங்கி கைலி இடுப்புவரை நனையும். விரைப்பைத் தோல் முன்கையைவிடப் பத்து மடங்குக்கு மேல் உறிஞ்சும். மூக்கில் கட்டிய துண்டு நனைந்தால் அதுவே மருந்துத் துணி. நாசில் அடைத்தால் வாயால் ஊதக் கூடாது, பழைய பல் பிரஷ் போதும்.

'இயற்கை விவசாயம் பண்ணச் சொல்லுங்க' என்று எழுத வருகிறவர்களுக்கு: கூலிக்கு அடிக்கிறவர் எதை அடிப்பது என்று முடிவு செய்வதில்லை. 1971ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகள், இவ்வகை மருந்தோடு வேலை செய்பவருக்கு மாதாமாதம் கோலினெஸ்டரேஸ் பார்க்கச் சொல்கின்றன. தினக்கூலிக்கு யார் பார்க்கிறார்கள்? செட்டிநாடு என்றால் ஆத்தங்குடிக் கல்லுக்கும் சாப்பாட்டுக்கும் ஆயிரம் பதில் குவிகிறது, இந்தக் கேள்விக்கு இரண்டு.

டாக்டரிடம் காலி டப்பாவைத் தூக்கிப் போகாதீர்கள். லேபிளைப் போட்டோ எடுங்கள், பிராண்ட் பெயர் மட்டும் உதவாது. கீழே பொடியாக இருக்கும் மருந்தின் பெயரும் சதவீதமும் நச்சின் அளவைக் காட்டும் முக்கோண நிறமும் தெரிய வேண்டும்.