சின்ன ஊரும் பெரிய ஜந்தும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து 20 நிமிடக் குறும்படம் ஒன்றுக்குத் திரைக்கதை எழுதியிருக்கிறோம். மலையடிவாரத்தில் ஒரு சின்னக் குடியிருப்பு, மொத்தம் 12 பேர். ஏரியிலிருந்து ஒரு ஜந்து வந்து ஒவ்வொருவராகத் தின்கிறது. ட்ரெமர்ஸ், க்ரெம்லின்ஸ் ஆகிய ஆங்கிலப் படங்கள் மாதிரி சிரிக்கவும் வேண்டும், பயமாகவும் இருக்க வேண்டும் என்பது ஆசை. படித்துக் காட்டியபோது யாரும் சிரிக்கவில்லை, பயப்படவும் இல்லை. “இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார் ஒருவர். இத்தனைக்கும் பக்கத்துக்கு மூன்று ஜோக் இருக்கிறது, ஜந்து முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. அந்தப் பழைய படங்களை இன்றும் திரும்பத் திரும்பப் பார்க்க முடிகிறதே, எப்படி? எங்களுடையது எங்கே இடறுகிறது? திரைக்கதையை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

திரைக்கதையைப் படித்தேன். “இரண்டில் ஒன்று” என்ற யோசனையைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. அந்த ஜந்துவால் என்ன முடியும், என்ன முடியாது என்பது 20 பக்கத்தில் எங்கேயும் தீர்மானமாகவில்லை. 4ஆம் பக்கத்தில் கரையைத் தாண்ட மாட்டேன் என்கிறது. 9இல் மாடிப்படி ஏறுகிறது. 14இல் தாழ்ப்பாளைத் திறக்கிறது. எதையும் செய்யக்கூடிய ஒன்றின் முன்னால் பார்ப்பவருக்குப் போடக் கணக்கே கிடையாது. அடுத்து யார் என்று சும்மா உட்கார்ந்திருப்பார். இந்த வகைப் படங்களில் பயம், சிரிப்பு இரண்டும் ஒரே கிணற்றுத் தண்ணீர். ஜந்துவின் விதி நமக்குத் தெரியும், ஊர்க்காரர் ஒருவர் அதை மீறப்போகிறார் என்பதும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. அவர் கை நீள்வதைப் பார்க்கும்போது வருவது பயமா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ட்ரெமர்ஸையே (1990) எடுத்துக்கொள்வோம். நெவாடா பாலைவனத்தில் ஒரு கற்பனை ஊர், ஜனத்தொகை 14. மண்ணுக்கடியில் நீந்தும் ராட்சதப் புழுக்கள், எண்ணிக்கை 4. கண் கிடையாது, தரை அதிர்வதை வைத்து வேட்டையாடும். பாறைக்குள் புக முடியாது. விதி இவ்வளவுதான். இதை யாரும் பாடமாக நடத்துவதில்லை. படத்தின் தொடக்கத்தில் ஒரு கிழவர் மின்கோபுரத்தின் மேல் துப்பாக்கியைப் பிடித்தபடி செத்து உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் பார்த்துவிட்டு, தாகத்தால் செத்திருக்கிறார் என்கிறார். அதாவது நாட்கணக்கில் அங்கேயே இருந்திருக்கிறார், சாகிறவரைக்கும் இறங்கவில்லை. கீழே அப்படி என்ன இருந்தது? துளி ரத்தம் காட்டாமல் தரையைப் பார்த்தாலே கால் கூச வைத்துவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு ஊரிலிருக்கும் சாமான் ஒவ்வொன்றும் அந்த விதியோடு உரசுகிறது. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஸ்பிரிங் குச்சியில் தங் தங்கென்று குதித்துக்கொண்டிருக்கிறாள் ஒரு சிறுமி. கடைக்குள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பழைய குளிர்பெட்டியின் மோட்டார் தன்பாட்டுக்கு ஓட ஆரம்பிக்கிறது. வளர்ந்த மனிதர்கள் ஒரு பிளக்கைப் பிடுங்க விழுந்தடிக்கிறார்கள். வசனத்தில் ஜோக் தேவையே இல்லை. நிலநடுக்கம் படிக்கும் மாணவி ஒருத்தி பாறைக்குப் பாறை நீளக் கம்பை ஊன்றித் தாவிப் போகலாம் என்கிறாள். பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கிறது, ஆனால் விதிப்படி அதுதான் சரியான வழி.

துப்பாக்கிப் பைத்தியம் பிடித்த தம்பதி ஒன்று அந்த ஊரில் உண்டு. உலகம் அழியப்போகிறது என்று ஆயுதமும் சாப்பாடும் சேர்த்து வைத்திருப்பவர்கள். வீட்டு அடித்தளத்தில் காலித் தோட்டாக்களைச் சுத்தம் செய்ய ஒரு இயந்திரத்தைப் போட்டுவிட்டிருக்கிறார்கள், அது கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கிறது. புழு எதைத் தேடி வருகிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. சுவரைப் பிளந்து தலை உள்ளே வருகிறது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு துப்பாக்கி காலியானால் அடுத்தது, அது காலியானால் அடுத்தது என்று சுட்டுத் தள்ளுகிறார்கள், சமையலறையில் பாத்திரம் மாற்றிக்கொள்கிற மாதிரி. ஜந்துவை வரவழைத்ததும் அவர்கள் கிறுக்கு, காப்பாற்றியதும் அதே கிறுக்கு. உங்கள் 12 பேரில் ஒருவருக்காவது இப்படி ஒரு கிறுக்கு இருக்கிறதா?

“அந்தப் புழுவும் பின்னால் புத்திசாலியாகிறதே, எங்கள் ஜந்து மட்டும் தாழ்ப்பாளைத் திறக்கக்கூடாதா?” என்று கேட்பீர்கள். ஆகிறதுதான். வீட்டின் அஸ்திவாரத்தைத் தோண்டிச் சாய்க்கிறது, புல்டோசருக்குக் குழி வெட்டி வைக்கிறது, கடைசிப் புழு வெடிகுண்டை விழுங்காமல் துப்பிவிடுகிறது. ஆனாலும் கண் முளைப்பதில்லை, பாறையைத் துளைப்பதில்லை. புத்தி வளரலாம், உடம்பு மாறக்கூடாது. உங்கள் ஜந்துவுக்குப் பக்கத்துக்குப் பக்கம் புது உறுப்பு முளைக்கிறது.

விதி விஞ்ஞானமாக இருக்க வேண்டியதில்லை, ஒரே தடவை கேட்டால் நினைவில் நிற்க வேண்டும். க்ரெம்லின்ஸில் (1984) வீட்டில் வளர்க்கும் ஒரு குட்டி ஜந்துவுக்கு மூன்று: வெளிச்சம் படக்கூடாது, தண்ணீர் படக்கூடாது, நள்ளிரவுக்குப் பிறகு தீனி போடக்கூடாது. மூன்றாவது ஓட்டை விதி. எப்போது பார்த்தாலும் ஏதோ ஒரு நள்ளிரவுக்குப் பிறகுதானே? 1990இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவர்களே இதை வைத்து ஒரு காட்சி முழுக்கக் கிண்டலடித்துக்கொண்டார்கள். ஓட்டை இருந்தாலும் ஒருவரும் மறக்கவில்லை.

அடுத்து, யார் சிரிக்க வைப்பது. உங்கள் திரைக்கதையில் பக்கத்து வீட்டுக்காரரை ஜந்து தின்ற அரை நிமிடத்தில் நாலு பேர் நின்று நக்கலடிக்கிறார்கள். அவர்களுக்கே பயமில்லை என்றால் எங்களுக்கு எதற்கு? அரக்னோஃபோபியா (1990) என்ற சிலந்திப் படத்தில் நடிகர் ஜான் குட்மேன் பூச்சிமருந்து அடிப்பவராக வருகிறார். ஒரு இடத்திலும் ஜோக் அடிப்பதில்லை. தன் தொழிலை ராணுவ அதிகாரி மாதிரி எடுத்துக்கொள்கிறார், சிரிப்பு தானாக வருகிறது. க்ரெம்லின்ஸில் கோமாளித்தனம் முழுவதும் குட்டிப் பிசாசுகளுடையது. அதனால் மனிதர்கள் அதில் கலந்துகொள்வதில்லை. அம்மா சமையலறையில் ஒன்றை மிக்ஸியில் அரைக்கிறாள், ஒன்றைக் கத்தியால் குத்துகிறாள், ஒன்றை மைக்ரோவேவில் வைத்து வெடிக்க வைக்கிறாள். முகத்தில் சிரிப்பின் சாயலே கிடையாது, தன் சமையலறையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். (அதே ஆண்டு அமெரிக்காவில் பிஜி-13 என்று, 13 வயதுக்குட்பட்டவர்களின் பெற்றோரை எச்சரிக்கும் புதிய தரச்சான்று படங்களுக்கு வந்ததற்கு இந்தப் படமும் ஒரு காரணம்.) இரு தரப்பில் ஒன்றுதான் விளையாடலாம். 2002இல் வந்த எய்ட் லெக்டு ஃப்ரீக்ஸில் ஊர்க்காரர்களும் விளையாடுகிறார்கள், சிலந்திகளுக்கும் கார்ட்டூன் கீச்சொலி. சிலந்தி ஏராளம், பயம்தான் கடைசிவரை வரவில்லை என்பது என் கட்சி.

பக்கத்துக்கு மூன்று ஜோக் என்பது மூன்று பக்கத்துக்கு ஒன்றாகட்டும். இடமும் முக்கியம். சிரிக்கும்போது உடம்பு தளர்கிறது, அந்தத் தளர்ச்சியில் அடி விழுந்தால் பலமாக விழும். ஒவ்வொரு சிரிப்புக்குப் பின்னும் அடித்தால் பார்ப்பவர் இரண்டாவது தடவையே உஷாராகிவிடுவார். ஒரு தடவை உடனே, ஒரு தடவை ஒன்றும் நடக்காமல், ஒரு தடவை எல்லாரும் மறந்த பிறகு என்று கலைத்துப் போடுங்கள். இன்னொரு சின்ன விஷயம், நிறையப் பேர் கோட்டை விடுவது: விதியைச் சொல்லும் வசனத்தை ஜோக்குக்கு அடுத்த வரியாக வைக்காதீர்கள். அது சிரிப்புச் சத்தத்தில் அமுங்கிப்போகும். உங்கள் 6ஆம் பக்கத்தில் இதுதான் நடக்கிறது.

சின்ன ஊர் எதற்கு? எண்ண முடியும் என்பதற்கு. ட்ரெமர்ஸின் 14 பேரில் ஒருவர் போனால் கடைக்காரர் போய்விட்டார், இனி கடையில் யாரும் இல்லை. வெளியே போக ஒரே சாலை, அதையும் பாறை சரிந்து அடைத்துவிடும். போலீசும் ராணுவமும் வராது, ஊருக்குள் இருப்பதை வைத்துத்தான் சமாளித்தாக வேண்டும். அட்டாக் த பிளாக் (2011) லண்டனில் ஒரே ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் இதைச் செய்துகாட்டியது. பையன்களிடம் இருப்பது பட்டாசு, சைக்கிள், ஒரு சாமுராய் வாள். ஆக வயலும் தோப்பும் கட்டாயமில்லை, எந்தக் கதவுக்குப் பின்னால் யார் என்று தெரிந்திருந்தால் போதும். க்ராபர்ஸ் (2012) ஒரு ஐரிஷ் தீவு. மது கலந்த ரத்தம் ஜந்துவுக்கு விஷம், ஆகவே புயல் அடிக்கும் ராத்திரியில் தீவு முழுவதையும் மதுக்கடையில் கூட்டிக் குடிக்க வைக்கிறார்கள். குடிகார போலீஸ்காரர் அன்றைக்கு நிதானமாக இருக்க வேண்டியதாகிறது, குடிக்காத பெண் போலீஸ் தள்ளாடுகிறார். உயிரைக் காக்கும் மருந்தே காலை வாருகிறது. அந்த விதியை எழுதியபோதே பாதிச் சிரிப்பு எழுதி முடிந்துவிட்டது.

20 நிமிடத்தில் 12 பேரை யாரும் எண்ண மாட்டார்கள். 5 பேர் போதும். ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, ஒருபக்கம் ஆளும் அவர் தொழிலும் பிடிவாதமும், மறுபக்கம் குடியிருப்பில் இருக்கும் சாமான்கள் என்று எழுதுங்கள். தாளில் இல்லாத எதுவும் கடைசிச் சண்டையில் வரக்கூடாது. 16ஆம் பக்கத்தில் திடீரென்று முளைக்கும் அந்தப் பெட்ரோல் கேன் முதலில் போக வேண்டியது.

ஜந்து முதல் பக்கத்தில் முழுசாக வருவதும் வேண்டாம். ட்ரெமர்ஸில் பாம்பு மாதிரி ஒன்றைப் பார்த்து அதுதான் விலங்கு என்று நினைக்கிறார்கள். அது வெறும் நாக்கு. மண்ணுக்கடியில் இருக்கும் உடம்பு, ஒரு புழு கான்கிரீட் சுவரில் மோதிச் செத்த பிறகுதான் தெரிகிறது. அதுவரை சரியும் மண், வரிசையாக ஆடும் வேலிக்கம்பு, இவ்வளவுதான் செலவு. உங்கள் படத்தில் முழு உடம்பு எல்லாம் சேர்த்து 15 விநாடி தாண்ட வேண்டாம். பணமும் மிச்சம், பொம்மையின் தையலும் தெரியாது.

ஆலைக்கழிவில் ஜந்து பிறந்த அந்த இரண்டு பக்க ஃப்ளாஷ்பேக்கையும் வெட்டுங்கள். பேய்க்கு யார்மேலாவது ஒரு கோபம் இருக்கும், அதற்குப் பழங்கதை வேண்டும். ஜந்துவுக்கு இருப்பது பசி மட்டும். ட்ரெமர்ஸில் புழு எங்கிருந்து வந்தது என்று ஆளுக்கொன்று சொல்லிப் பார்க்கிறார்கள், ஒன்றும் முடிவாகாமல் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

இனி 11ஆம் பக்கம். ஜந்து வருகிறது, மோட்டாரை நிறுத்து என்று எல்லாரும் கத்துகிறார்கள். பம்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் மறுக்கிறார்: “நிறுத்தினா காத்து பூந்துக்கும். திரும்ப தண்ணி ஊத்தி ஏத்த அரை மணி ஆகும்.” உங்கள் திரைக்கதையில் நான் சிரித்த ஒரே இடம் இது. அவர் ஜோக் அடிக்கவில்லை, தொழில் பேசுகிறார். இங்கிருந்து பின்னோக்கி விதியைப் பிடியுங்கள். ஜந்து ஈரத் தரையில் மட்டும்தான் நகரும் என்று வைத்துக்கொள்வோம். 4ஆம் பக்கம் அப்படியே நிற்கிறது, கரை காய்ந்திருக்கிறது, தாண்டவில்லை. 9இல் அது மாடி ஏற வேண்டுமென்றால் யாராவது காலையில் படியைக் கழுவி விட்டிருக்க வேண்டும், அவரை 2ஆம் பக்கத்திலேயே வாளியோடு காட்டிவிடுங்கள். தாழ்ப்பாள் போய்விடும், கதவுக்கடியில் கசியும் தண்ணீர் போதும். ஒழுகும் குழாய், கொடியில் சொட்டும் துணி, அடுப்புச் சாம்பல், மேலே கூடிவரும் மேகம் எல்லாம் அந்த இரண்டாவது பத்தியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெரியவர் பம்பை நிறுத்தாத ஒவ்வொரு நிமிடமும் முற்றத்தில் ஈரம் ஒரு சாண் முன்னால் வந்துகொண்டிருக்கும். அந்த ஈர விளிம்பைக் குறைந்தது மூன்று தடவை ஷாட்டில் காட்டுங்கள், வசனமில்லாமல்.

அன்புடன்