சிபிடி சிகிச்சையில் வெறுமனே பேசிப் பேசியே பதற்ற நோய் குணமாகிவிடுமா?

பேச்சு மட்டும் என்றால் ஆகாது. எனக்குப் பேனிக் டிஸ்ஆர்டர் (திடீர் திடீரென்று கடும் பயம் தாக்கும் பதற்ற நோய்) இருந்தது, சிபிடியில்தான் சரியானது. காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி என்பதன் சுருக்கம் அது, எண்ணங்களையும் நடத்தையையும் சோதித்து மாற்றும் சிகிச்சை. அங்கே உட்கார்ந்து பேசியதைவிட நோட்டில் எழுதியதும், பயந்துகொண்டே செய்து பார்த்ததும்தான் அதிகம்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். கணவரின் வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்து மிட்ராண்டில் குடியிருக்கிறோம். இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூரைவிடக் கொஞ்சம்தான் தாழ்வு. ஆனால் பார்த்தால் மலையூர் மாதிரியே இருக்காது. அதனால் புதிதாக வருபவருக்கு இரண்டு மாடி ஏறியதும் மூச்சு வாங்கினால் ஏன் என்றே புரியாது. எனக்கு மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடத்தது. அப்பா மாரடைப்பில் போனவர் என்பதால் மனசு நேரே அங்கே போய் நின்றுகொண்டது. எம்1 நெடுஞ்சாலையில் காரோட்டும்போது ஒருநாள் விரலெல்லாம் மரத்து, தலை சுற்றி, செத்தேன் என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரியில் இசிஜி நார்மல். அப்புறம் அந்தச் சாலைப் பக்கமே போகவில்லை. மெல்ரோஸ் முருகன் கோயிலுக்கு அதுதான் வழி என்பதால் கோயிலும் நின்றது. அம்மா போனில், "கண்ணு பட்டிருக்கும்டி, மிளகாய் சுத்திப் போடு" என்றாள். சுற்றிப் போட்டோம். டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்த பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான் சைக்காலஜிஸ்டைப் பார்க்கச் சொன்னார்.

அங்கே முதலில் புரியவைத்தது ஒரு சுழலை. 1986-ல் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் விளக்கியது அது. நெஞ்சு படபடக்கிறது. மாரடைப்பு என்று மனசு தீர்ப்பு எழுதிவிடுகிறது. அந்தப் பயத்தில் அட்ரினலின் சுரந்து படபடப்பு கூடுகிறது. வேகவேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றுகிறது, விரல் மரக்கிறது. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்கிறது மனசு. சுழல் இன்னொரு சுற்று போகிறது.

இதைக் கேட்டுத் தலையாட்டியதால் எதுவும் மாறவில்லை. மாற்றியது சோதனைகள். ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகமாக மூச்சு விடச் சொன்னார் சைக்காலஜிஸ்ட். அதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று எழுத வேண்டும், அதை எத்தனை சதவீதம் நம்புகிறேன் என்றும் எழுத வேண்டும். "மயங்கி விழுவேன், 80" என்று எழுதினேன். மூச்சு விட்டதும் அதே மரப்பு, அதே சுற்றல், எம்1-ல் வந்தது அப்படியே வந்தது. விழவில்லை. பேனிக் வரும்போது பொதுவாக ரத்த அழுத்தம் ஏறும், மயக்கமோ அழுத்தம் சட்டென்று இறங்கினால்தான் வரும் என்று அப்போதுதான் சொன்னார். முதலிலேயே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அடுத்தது என் தாயத்துகள். தண்ணீர் பாட்டில், முகத்துக்கு நேரே முழு வேகத்தில் ஏசி, இடது லேனை விட்டு நகராதது, வழி முழுக்க போனில் கணவர். ஒவ்வொரு முறை பத்திரமாக வீடு வந்தபோதும் மனசு அந்தப் பெருமையை இவற்றுக்குத்தான் கொடுத்தது, "அவர் லைனில் இருந்தாரோ பிழைச்சேனோ" என்று. ஆகவே ஒவ்வொன்றாக விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். முதலில் கார்லெட் டிரைவ் வெளிவழி வரை, கொஞ்சம் பழகியதும் நியூடவுன் பக்கம் சாலை இரண்டடுக்காகப் போகும் இடம் வரை. வீட்டுக்கு வந்து நோட்டில் நினைத்தது என்ன, நடந்தது என்ன என்று எழுத வேண்டும். சலிப்பான வேலைதான்.

"நல்லதையே நினை" என்று சொல்வதுதான் சிபிடி என்று நினைப்பவர்கள் ஜோகன்னஸ்பர்க்குக்கு வந்து பார்க்கலாம். இங்கே கார் பறிப்பு நிஜமாகவே நடக்கிறது. ரோபோவில் (சிக்னலை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ராத்திரி நிற்கும்போது கதவைப் பூட்டி வைப்பதை விடச் சொல்லி சைக்காலஜிஸ்ட் ஒருநாளும் கேட்கவில்லை. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. "படபடத்தால் மாரடைப்பு" என்பதற்கு இல்லை. எந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டு, எதற்கு இல்லை என்று பிரித்துப் பார்க்கக் கற்றதுதான் எனக்குக் கிடைத்த பெரிய லாபம்.

பயப்படுவதைப் படிப்படியாகச் செய்து பார்க்கும் இந்த முறையின் வேர்களில் ஒன்று இதே ஊரில் இருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஜோசப் வோல்பே 1915-ல் இங்கே பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராக இருந்தபோது, போரில் மனம் உடைந்த வீரர்களுக்கு அப்போதைய சிகிச்சை பலன் தராததைப் பார்த்து வேறு வழி தேடினார். இந்த ஊரின் விட்ஸ் (விட்வாட்டர்ஸ்ராண்ட்) பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து, படிப்படியாகப் பயத்தைத் தணிக்கும் முறையை 1958-ல் புத்தகமாக வெளியிட்டார். இந்தச் சிகிச்சை முறையை வளர்த்த உளவியலாளர்கள் ஆர்னால்ட் லாசரஸ், ஸ்டான்லி ராக்மன் இருவரும் அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள்தான். எண்ணங்களைப் பிடித்துப் பரிசோதிக்கும் பகுதி, பிலடெல்பியாவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960-களில் மனச்சோர்வு நோயாளிகளிடம் ஆரம்பித்தது. அவர் 2021-ல் நூறு வயதில் காலமானார்.

எல்லா நோய்க்கும் இது போதும் என்று சொல்ல மாட்டேன். பேனிக், சமூகப் பயம், ஓசிடி (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் நோய்), மிதமான மனச்சோர்வு இவற்றுக்கெல்லாம் மருந்தில்லாமலே பலருக்குப் போதும். கடுமையான மனச்சோர்வு என்றால் மருந்தும் சேர்த்துத்தான் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். பைபோலார், ஸ்கிசோஃப்ரினியா போன்ற தீவிர மனநோய்களில் மருந்துதான் முதலில், சிபிடி துணைக்கு. யாரோ இணையத்தில் எழுதினார் என்று, ஆமாம், நானே எழுதினாலும்தான், சாப்பிடும் மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள்.

நீங்களும் தென்னாப்பிரிக்காவில் இருந்தால், சைக்காலஜிஸ்டின் பெயரை எச்பிசிஎஸ்ஏ (மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் கவுன்சில்) பதிவேட்டில் இணையத்திலேயே சரிபார்க்கலாம். மெடிக்கல் எய்டு (இங்குள்ள மருத்துவக் காப்பீடு) எவ்வளவு கொடுக்கும் என்று முன்னாடியே கேட்டுவிடுங்கள், வருஷ வரம்பு சீக்கிரம் தீர்ந்துபோகும். கையில் பணமில்லையென்றால் மனச்சோர்வு, பதற்ற நோய்களுக்கு உதவும் சாடாக் அமைப்பின் தொலைபேசி ஆலோசனை இலவசம். முதல் சந்திப்பிலேயே, வாராவாரம் ஹோம்வொர்க் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் அவர் செய்வது வேறு ஏதோ நல்ல சிகிச்சையாக இருக்கலாம், நீங்கள் கேட்ட சிபிடி அல்ல.