சிபிஆர் கேள்வி பதில்: பதில் தருபவர், பயிற்றுநராக உள்ள மூத்த தாதி

ஈசூன் வாசகர்: அக்கா, இதயம் நின்றவருக்கு சிபிஆர் முதலுதவி செய்யும்போது மார்பை எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகமாக அழுத்த வேண்டும்?

பெரியவர்களுக்கு மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் 4 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள். ஆழத்தை எல்லாரும் கேட்கிறீர்கள், கையைத் தளர்த்துவதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுவதுமாக மேலெழுந்தால்தான் இதயத்தில் மீண்டும் ரத்தம் நிறையும். நெஞ்சின் மேல் சாய்ந்துகொண்டே அழுத்தினால் உழைப்பு வீண். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். களைத்தவருக்குத் தம் அழுத்தம் குறைவது தெரியாது.

பெயரில்லாதவர்: கட்டிலில் மயங்கிக் கிடந்தால்?

தரைக்கு இறக்குங்கள். மெத்தை அமுங்கும், மார்பு அமுங்காது.

உட்லண்ட்ஸ் வாசகி: இடையிடையே மூச்சை இழுக்கிறார் என்றால் காத்திருக்கலாமா?

கூடாது. குறட்டை போலவும் விக்கல் போலவும் வரும் அந்த இழுப்பு, இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் வரலாம். தட்டி எழுப்பியும் எழவில்லை, சீரான மூச்சும் இல்லை என்றால் சிங்கப்பூரின் அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ அழைத்து, கைப்பேசியின் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு அழுத்தத் தொடங்குங்கள். அழைப்பை எடுப்பவர் வழிநடத்துவார்.

புதுத் தாய்: கைக்குழந்தைக்கு?

ஒரு வயதுக்குள் என்றால் இரு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து, கட்டைவிரல்களால் சுமார் 4 சென்டிமீட்டர். சற்றுப் பெரிய பிள்ளைக்கு ஒரு கையால் சுமார் 5 சென்டிமீட்டர். குழந்தைகளின் இதயம் பெரும்பாலும் மூச்சு முட்டித்தான் நிற்கிறது. அதனால் 30 அழுத்தத்துக்கு 2 முறை மூச்சு கொடுப்பதைத் தவிர்க்காதீர்கள். அப்போதுதான் பிறந்த சிசுவின் கணக்கே வேறு: முதலில் மூச்சு, அதற்குப் பின்னும் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 60-க்குக் கீழே இருந்தால் 3 அழுத்தத்துக்கு 1 மூச்சு. அது பிரசவ அறையில் இருப்பவர்களின் வேலை.

இன்னொருவர்: விலா எலும்பு முறிந்தால்?

முறியலாம். நிறுத்தாதீர்கள்.

பிடோக் வாசகர்: விழுந்தவர் பெண் என்றால், இன்னொரு பெண் வரும்வரை காத்திருப்பதுதானே பண்பு?

யாருக்கான பண்பு, ஐயா? சிபிஆர் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. அழுத்துவதற்கு ரவிக்கையைக் கழற்றத் தேவையில்லை. இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவியின் ஒட்டுப்பட்டைக்குத்தான் வெறுந்தோல் வேண்டும்: ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றொன்று இடது அக்குளுக்குக் கீழே. இருவரை அழைத்துச் சேலை முந்தானையையே திரையாகப் பிடிக்கச் சொல்லுங்கள்.

அதே வாசகர்: சொல்வது எளிது. பிறகு புகார் கொடுத்தால்?

இந்தப் பயத்தால்தான் பொது இடத்தில் விழும் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே சிபிஆர் கிடைக்கிறது. உங்கள் மகள் பேருந்து நிறுத்தத்தில் விழுந்தால் சுற்றியிருக்கும் ஆண்கள் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புவீர்கள்?

வேறொரு வாசகி: அக்கா, பயிற்சிப் பொம்மைகளும் ஆண் உருவமாகத்தானே இருக்கின்றன?

நியாயமான குறை. பழகாத கை தயங்கத்தான் செய்யும்.

மற்றொருவர்: எலும்பு முறியுமா?

மேலே படியுங்கள்.

தெம்பனிஸ் வாசகர்: ஏஇடி எங்கே இருக்கும்? பிள்ளைகளுக்குப் பயன்படுத்தலாமா?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளில் கீழ்த்தள மின்தூக்கி அருகே பாருங்கள். எல்லாப் புளோக்கிலும் இருக்காது, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வைத்திருக்கிறார்கள். குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலியிலும் இடம் தெரியும். 8 வயதுக்குக் கீழே சிறுவர் ஒட்டுப்பட்டை நல்லது. கிடைக்காவிட்டால் பெரியவர்களுடையதை மார்பில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாக ஒட்டுங்கள்.