கேம் ஆடும் மகளுக்குப் பொருளாதாரம் போதும்

அம்மா, உங்கள் மகள் ஆன்லைன் கேமில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறாள் என்ற கவலை நியாயம்தான். ஆனால் அவள் சண்டைப் பக்கமே போவதில்லை, அங்குள்ள சந்தையில் எது என்ன விலைக்குப் போகிறது என்று எக்செல்லில் குறித்து வைக்கிறாள், கோடிங் என்றாலே முகம் சுளிக்கிறாள் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதற்கப்புறமும் பெரியப்பா சொல்கிறார் என்று கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கில் தள்ளுவது சரியே இல்லை.

பொருளாதாரம் படிக்கட்டும், கூடவே புள்ளியியல்.

வங்கி வேலை பற்றியெல்லாம் உறவினர்களே சொல்வார்கள், விடுங்கள். ஈவ் ஆன்லைன் விளையாட்டை நடத்தும் ஐஸ்லாந்து நிறுவனம் 2007-இல் ஒரு பொருளாதார நிபுணரை வேலைக்கு வைத்தது. அந்த விளையாட்டுக்குள் விலைவாசி ஏறுகிறதா, பணப்புழக்கம் எவ்வளவு என்று மத்திய வங்கி மாதிரி அவர் அறிக்கை போட்டார். ஆராய்ச்சிப் பக்கம் இன்னும் சுவாரசியம். நிஜ நாட்டில் ஒரு வரியைப் போட்டுப் பார்த்து, சரிவரவில்லை என்றால் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க முடியுமா? விளையாட்டு உலகில் முடியும். பொருளாதார ஆய்வாளர் எட்வர்ட் காஸ்ட்ரோனோவாவின் குழுவினர் ஆர்டன் என்ற விளையாட்டில் ஒரே மாதிரி இரண்டு உலகங்களை வைத்து, ஒன்றில் மட்டும் ஒரு மருந்தின் விலையை இரட்டிப்பாக்கினார்கள், அங்கே விற்பனை குறைந்தது. இதைத்தான் பாடப்புத்தகமே சொல்கிறதே என்பீர்கள். அங்கேயும் மனிதர்கள் விலை பார்த்துத்தான் வாங்குகிறார்கள் என்று உறுதியான பிறகல்லவா வரி, மானியம் என்று பெரிய கேள்விகளுக்குப் போக முடியும்?

2005-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டுக்குள் தவறுதலாக ஒரு நோய் பரவியபோது சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள், தொற்றுநோய் ஆய்வாளர்கள் அதை வைத்துக் கட்டுரையே எழுதினார்கள். ஆனால் செத்தாலும் எழுந்து வரலாம் என்கிற இடத்தில் அசட்டுத் தைரியம் அதிகம். எந்த முடிவு நிஜ வாழ்க்கைக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்துப் பார்க்கத்தான் புள்ளியியல். அதற்காகக் கொஞ்சம் பைத்தான் கோடிங் கற்றே ஆகவேண்டும், அதில் அவளுக்குச் சலுகை கிடையாது. விலைக் கணக்குக்காக என்றால் உட்கார்ந்து கற்றுக்கொள்வாள்.

கேம் நிறுவனங்களில் இந்த வேலைகள் குறைவு. அதனால்தான் 'கேம்' என்று பெயர் ஒட்டிய கட்டணக் கொள்ளைப் படிப்புகளுக்குக் கடன் வாங்கவே கூடாது என்கிறேன். குறைந்த கட்டணத்தில் நல்ல பொருளாதாரத் துறை இருக்கும் கல்லூரி போதும், அந்தப் படிப்பு வேறு எங்கேயும் செல்லும்.

இன்ஜினியரிங் சீட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தால் இந்த வாரமே திரும்பக் கேளுங்கள். பெரியப்பா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.